நோன்பு திறந்த பின் ஒரு கவுண்டர்

அன்று காலை நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சிறையிலிருந்து அன்று விடியலில் விடுதலையான காதர் என்பவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் கிளினிக்குக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சட்டை, ஒரு சாரம், சிறை மருத்துவப் பிரிவு கொடுத்த கடிதம்.

2. டாக்டர் லிம் கடிதத்தைப் படித்தார், அவரைப் பரிசோதித்தார், உள்ளே குடித்துவந்த அதே அளவு மெத்தடோனை இங்கேயும் தொடரச் சொல்லி எழுதினார்.

3. நான் அளந்தேன், சிவப்பு சிரப் கலந்தேன், கோப்பையைக் கவுண்டரில் வைத்தேன்.

4. காதர் குடிக்கவில்லை.

5. பின்னால் வரிசை நீண்டது. பாயான் பாருவில் ஃபேக்டரி ஷிப்டுக்குப் போக வேண்டிய ஒருவர், "குடிச்சிட்டு யோசிங்க லா, அண்ணே," என்றார்.

6. காதர் அப்போதும் குடிக்கவில்லை. அதனால்தான் அன்று எங்கள் கவுண்டரில் ஒரு பெரிய தவறு நடக்காமல் போனது.

மெத்தடோன் கவுண்டருக்குப் புதிதாக வரும் இளம் மருந்தாளர்கள் என்னிடம் அளவு, கலவை, பூட்டு பற்றியெல்லாம் கேட்பார்கள். அவை கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாதது இந்த ஆறாவது வரி. அதைத்தான் எழுதப்போகிறேன்.

கோப்பை

நான் ஜார்ஜ் டவுனில் ஓர் அரசு கிளினிக்கில் மருந்தாளர். வீடு கெலுகோரில். இந்த வேலைக்கு வந்த புதிதில், மாத்திரையை எண்ணிக் கொடுப்பதும் மெத்தடோன் கொடுப்பதும் ஒன்று என்றுதான் நினைத்தேன். ஒன்று இல்லை. ஹெரோயின் பழக்கத்திலிருந்து வெளியே வருபவருக்கு உடல் நடுக்கமும் ஏக்கமும் வராமல் தாங்கிப் பிடிக்கிற மருந்து இது. நாளுக்கு ஒரு முறை. எங்கள் கண் முன்னால் குடிக்க வேண்டும். குடித்ததும் ஒரு மிடறு தண்ணீர், பிறகு ஏதாவது பேச வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பி விற்பவர்கள் உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. வாய் நிறைய மருந்தை வைத்துக்கொண்டு யாராலும் பேச முடியாது.

பேச வைக்க ஆளுக்கு ஒரு கேள்வி வைத்திருப்போம். எங்கள் மெத்தடோன் பிரிவை நடத்தும் உதவி மருத்துவ அதிகாரி செல்வம் அண்ணன் பந்து விளையாட்டைப் பற்றிக் கேட்பார். நான், "பசியாறியாச்சா? என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன். ரொட்டி சானாய், நாசி லெமாக், நேற்றைய மீன்கறி என்று பதில் வரும். ஒருவர் நன்றாகச் சாப்பிடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா, வீட்டில் இருக்கிறாரா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

அன்று நோன்பு மாதம் தொடங்கி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பழைய முஸ்லிம் நோயாளிகளுக்கு வீட்டில் குடிக்க மருந்தைப் போத்தலில் கொடுத்து அனுப்பியிருந்ததால், காலை வரிசையில் பெரும்பாலும் தமிழ் இந்துக்களும் சீனர்களும்தான். பழக்க தோஷத்தில் கோப்பையை வைக்கும்போதே கேட்டுவிட்டேன்.

"பசியாறியாச்சா?"

"மிஸ்ஸி, நான் நோன்பு," என்றார் காதர்.

எங்கள் கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான். தாதி, மருந்தாளர் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. திருத்துவதை நான் முதல் மாதத்திலேயே விட்டுவிட்டேன்.

உடம்புக்கு மருந்து தேவைப்படுகிறவர்கள் நோன்பை விடலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே என்று சொன்னேன். எனக்கு அதைச் சொல்ல எந்தத் தகுதியும் இல்லை என்று தெரிந்துதான், மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும் மிஸ்ஸி. உள்ள மார்க்கம் சொல்லிக் குடுக்குற உஸ்தாதும் அதான் சொன்னாரு. முடியலன்னா விடலாம். எனக்கு முடியுது. அதான் பிரச்சினை."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். காதர் சிரிக்கவில்லை.

"அப்ப நேத்து எப்படிக் குடிச்சீங்க?"

"நோன்பு தொறந்த பெறகு. பேரீச்சம்பழம், கஞ்சி, அப்புறம் மருந்து. இந்த மாசம் முழுக்க உள்ள அப்படித்தான் குடுக்குறாங்க."

நான் கோப்பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

மெத்தடோன் உடலில் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். முந்தைய நாள் மாலை குடித்தவருக்கு மறுநாள் காலையிலேயே முழு அளவைக் கொடுத்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் மூச்சு குறையும். சிறைக் கடிதத்தில் கடைசியாகக் குடித்த நாள் இருந்தது. நேரம் இல்லை. ஆண்டு முழுக்க எல்லாரும் காலையில் குடிப்பதால் நேரத்தை எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் நடக்கக்கூடிய தவறு அது.

டாக்டரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் உடனே சிறை மருத்துவப் பிரிவுக்குப் போன் செய்தார். காதர் சொன்னது சரி. முஸ்லிம் கைதிகளுக்கு அந்த மாதம் முழுவதும் மாலையில்தான் மருந்து.

டாக்டர் லிம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். காலை அளவு ரத்து. அடுத்த அளவு அன்று மாலைதான். அது வரைக்கும் மருத்துவம் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல். எங்கள் மெத்தடோன் கவுண்டர் மதியத்தோடு மூடிவிடும்.

பெஞ்ச்

காதரை நடைவழி பெஞ்சில் உட்கார வைத்துச் செல்வம் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். நானும் போய் நின்றேன்.

காதருக்கு நாற்பது வயது இருக்கும். போதைப்பொருள் வழக்கில் உள்ளே போனது அது முதல் தடவை இல்லை. வெளியே வந்த பிறகும் கண்காணிப்பு உண்டு. சொன்ன நாளில் அலுவலகத்துக்குப் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். அதில் ஹெரோயின் தெரிந்தால் மறுபடி கோர்ட், மறுபடி உள்ளே. அவருக்கு இருந்த ஒரே இடம் அண்ணன் ஜமால் பாயின் வீடு. ஜமால் பாய் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருப்பவர். நோன்பு மாதத்தில் மாலை பசாரில் தனியாக ஒரு கடை போடுவார். தம்பியைச் சேர்த்துக்கொள்ள அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இந்த ஒரு மாதம் ஒழுங்காக இருந்து காட்ட வேண்டும். பிறகு பார்க்கலாம்.

"மருந்து குடிக்கிறது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். அதுவும் அதே சாமான்தானேங்குறாரு. கவர்மெண்டு குடுத்தா ஹலாலாயிடுமான்னு கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்த சொல்ல மிஸ்ஸி. நான் சொல்ற எதையும் அவரு நம்பி ரொம்ப வருஷமாச்சு."

அன்றைக்கு மட்டும் போத்தலில் கொடுங்கள், பொழுது சாய்ந்து மஹ்ரிப் ஆனதும் குடித்துக்கொள்கிறேன் என்று கேட்டார். கொடுக்க முடியாது. வீட்டுக்குப் போத்தல் என்பது பல மாதம் தவறாமல் வந்து, சோதனைகளில் தேறியவர்களுக்கு மட்டும். அன்றுதான் வெளியே வந்தவருக்குக் கொடுத்தால், அவருக்கே ஆபத்து.

நோன்பை விட்டுவிடக்கூடாதா என்று நான் மறுபடி கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"போன வருஷம் முப்பது நோன்பும் பிடிச்சேன். உள்ள. அங்க வேற என்ன இருக்கு, எல்லாரும் பிடிக்கிறான், நானும் பிடிச்சேன். வெளிய ஒரு மாசம் முழுசாப் பிடிச்சதே இல்ல மிஸ்ஸி, கல்யாண வயசுலேர்ந்து. இத விட்டுட்டேன்னா மத்ததையும் விட்ருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

அவர் நகர்ந்த பிறகு செல்வம் அண்ணனிடம் கேட்டேன், இப்படி இதற்கு முன்னால் நடந்ததில்லையா என்று.

"வருஷா வருஷம் நடக்குது கவிதா. பழைய ஆளுங்களுக்குப் போத்தல். புதுசா வெளிய வந்தவன்தான் மாட்டிக்குவான். பாதிப் பேரு நோன்ப விடுவான், பாதிப் பேரு மருந்த விடுவான்."

"மருந்த விட்டவங்க?"

"பெருநாளுக்கு அப்புறம் பாலாய்லேர்ந்து போன் வரும்."

காவல் நிலையத்திலிருந்து. அதை அவர் வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னார். பல வருடம் கேட்டுக் கேட்டு வந்த குரல் அது.

இரண்டாவது சாவி

மெத்தடோன் அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கவுண்டரில் இருக்கும் மருந்தாளரிடம், இன்னொன்று எங்கள் மருந்தகத் தலைவி புவான் சல்மாவிடம். இரண்டு பேரும் இல்லாமல் திறக்காது. காய்ச்சல், இருமலுக்கு எங்கள் கிளினிக் மாலையிலும் திறந்திருக்கும். அங்கே ஒரு மருந்தாளர் முறை வைத்து இருப்பார். ஆனால் புவான் சல்மாவின் சாவி ஐந்து மணிக்கு அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

நான் பட்டியல் போட்டுப் பேசுகிறவள். அவர் மேசைக்கு முன்னால் நின்று விரல் மடக்கினேன். ஒன்று, மாலையில் மருந்தாளர் ஏற்கெனவே இருக்கிறார். இரண்டு, இந்த மாதம் முழுக்க அந்த முறையை நானே எடுத்துக்கொள்கிறேன். மூன்று, செல்வம் அண்ணன் கூட இருக்கச் சம்மதம். நான்கு, டாக்டர் லிம் நேரத்தை மாற்றி எழுதித் தருகிறார். ஐந்தாவதாகத் தேவைப்படுவது சாவி.

புவான் சல்மா மலாயில்தான் பேசுவார். நிதானமாக, ஒவ்வொரு விரலுக்கும் பதில் சொன்னார். காய்ச்சல் குழந்தைகளோடு தாய்மார்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. கூட்டம் கூடினால் யார் பார்ப்பது? ஒருவருக்குத் திறந்தால் எல்லாரும் கேட்பார்கள். அவரும் நோன்பு. வீட்டில் நோன்பு திறக்கப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். எதுவும் பொய் இல்லை.

"சிறையில் இந்த மாதம் முழுக்க மாலையில்தான் கொடுக்கிறார்கள், புவான்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். சிறையிலா என்று கேட்டார். ஆமாம், டாக்டர் போன் செய்து உறுதிப்படுத்தினார் என்றேன்.

அங்கே இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

தெரியாது என்றேன். ஆனால் யாரோ ஒருவர் மாலையில் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறார் என்றும் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு துடுக்கான பேச்சு என்று உறைத்தது. புவான் சல்மா தன் சாவியை எடுத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கணவரிடம் இன்று கிளினிக்கிலேயே நோன்பு திறந்துகொள்கிறேன் என்றார். என்னிடம் திரும்பி, "போலே," என்றார். சரி. இன்று மட்டும்.

வெளியே வந்ததும் செல்வம் அண்ணன் கதவருகில் நின்றார். "நீ ஃபார்மசி படிச்சியா, லோயருக்குப் படிச்சியா?" என்றார்.

பரீட்சை வாரம்

அன்று மாலை பாங்கு ஒலித்துக் கொஞ்ச நேரம் கழித்து, செல்வம் அண்ணன் சொல்லி அனுப்பியபடி காதர் வந்தார். தலை வாரி, அண்ணன் வீட்டில் யாரோ கொடுத்த இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பூட்டும் திறந்தோம். அளந்தேன், புவான் சல்மா சரிபார்த்தார். காதர் பிஸ்மி சொல்லிக் குடித்தார், தண்ணீர் குடித்தார். என் கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது.

"நோன்பு தொறக்க என்ன?"

"பேரீச்சம்பழம், ரோஸ் சிராப் தண்ணி, ரெண்டு வடை. மிஸ்ஸி சாப்ட்டாச்சா?"

அந்தக் கவுண்டரில் என்னை யாரும் அதுவரை திருப்பிக் கேட்டதில்லை. இல்லை என்றேன். மறுநாள் அவர் பள்ளிவாசல் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் தாப்பாவ் கட்டிக்கொண்டு வந்தார். நோயாளியிடமிருந்து எதையும் வாங்கக்கூடாது என்பது விதி. புவான் சல்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: ஒருவருக்கு என்றால் அது அன்பளிப்பு, எல்லாருக்கும் என்றால் அது நோன்புக் கஞ்சி. அன்று முதல் கஞ்சி பின்பக்க மேசைக்கு வந்தது. செல்வம் அண்ணன் இரண்டு கிண்ணம் குடிப்பார். நோன்பில்லாதவர்களுக்கு ஒன்றுதான் என்று காதர் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை.

'இன்று மட்டும்' என்பது அடுத்த நாளே 'ஒரு வாரம்' ஆகியிருந்தது. டாக்டர் லிம் புவான் சல்மாவோடு உட்கார்ந்து பேசியதன் பலன் அது. ஒரு வாரம் நடத்திப் பார்ப்பது. ஒரு சிக்கல்கூட வராவிட்டால் மாதம் முழுவதும். வந்தால் மூடிவிடுவது.

செல்வம் அண்ணன் அந்த வாரம் போனும் கையுமாக இருந்தார். நோன்பு தொடங்கியதும் காணாமல் போன புது ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். சாயந்திரம் வா, நோன்பு தொறந்துட்டு வா, கஞ்சி இருக்கு என்பார். மெத்தடோன் இருக்கு என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சிலருக்கு இடைவெளி அதிகமாகிவிட்டதால் டாக்டர் அளவைக் குறைத்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் வந்தார்கள். ஒருவர் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்தார்.

தாய்மார்களைப் பற்றி புவான் சல்மா பயந்தது ஒரே ஒரு முறை நடந்தது. ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். இவங்கல்லாம் யாரு என்று என்னிடம் கேட்டார். உங்களைப் போல மருந்துக்குக் காத்திருப்பவர்கள் என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. மறுபடி கேட்கவில்லை.

போன்

வாரத்தின் கடைசி மாலை. எல்லாரும் வந்து குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். காதரை மட்டும் காணோம்.

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. காதர் கொண்டுவந்தது இல்லை, வேறொருவர் கொண்டுவந்தது. முந்தைய நாளே காதர், நாளைக்கு இங்கேயே வந்து எல்லாரோடும் நோன்பு திறக்கிறேன் என்று சொல்லியிருந்தார். புவான் சல்மா தராவீஹ் தொழுகைக்குப் போக வேண்டும். பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

காதர் எழுதிக் கொடுத்திருந்த எண்ணில் ஜமால் பாய்க்குப் போன் செய்தேன். பசார் இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் கேட்டது.

"கெளம்பி ரொம்ப நேரமாச்சே தங்கச்சி. நோன்பு தொறக்கவே அங்கதான் போறேன்னான்." யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. "நான் அப்பவே நெனச்சேன். இவன் எங்க போயிருப்பான்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு அவனுக்குக் கதவு தொறக்க மாட்டேன்."

ஒரு மாலை தவறினால் உயிர் போகாது. நாளைக் காலைக்குள் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். கேட்டதைக் கொடுக்கத் தெருவில் ஆள் உண்டு. வீட்டுக் கதவும் மூடியிருந்தால், அந்த ஆளிடம்தான் போவார். பிறகு சிறுநீர்ச் சோதனை, கோர்ட், உள்ளே. எங்கள் வாரமும் அதோடு முடிந்துவிடும். மாலைக் கவுண்டரின் முதல் ஆளே விட்டுவிட்டார் என்றால் புவான் சல்மா அறிக்கையில் என்ன எழுத முடியும்?

அப்போது கவுண்டர் போன் ஒலித்தது. செல்வம் அண்ணன் எடுத்தார். மலாயில் பேசினார், ஆனால் அவர் முதுகு நேரானதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பாலாய்.

நடந்தது இதுதான். காதர் பசாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் போலீஸ் சாலைத் தடுப்பு. அடையாள அட்டையைப் பார்த்ததும் பழைய வழக்குகள் தெரிந்தன. நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சிறுநீர் எடுத்தார்கள். சோதனையில் ஒன்றுமில்லை. ஆனாலும் சிகிச்சையில் இருக்கிறேன், கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்கிறாரே, உண்மையா என்று விசாரிக்க வேண்டும். இந்த நேரத்தில் எந்த கிளினிக் என்று அங்கே பணியில் இருந்த கோப்ரலுக்குச் சந்தேகம். போன் பண்ணிப் பாருங்கள் என்று காதர் கெஞ்சியிருக்கிறார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இது புதியவர்களுக்கு. யார் கேட்டாலும் நோயாளி பற்றிய விவரத்தை உடனே சொல்லக்கூடாது. கேட்பது போலீஸ் என்றாலும். நான் செல்வம் அண்ணனிடம் கை காட்டினேன். காதரிடம் போனைக் கொடுக்கச் சொன்னோம். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"சொல்லுங்க மிஸ்ஸி. எல்லாத்தையும் சொல்லுங்க," என்றார். பிறகு, "கவுண்டர மூடிராதீங்க," என்றார்.

செல்வம் அண்ணன் சொன்னார். சிகிச்சையில் இருக்கிறார், தினமும் மாலை வருகிறார், இன்று இதுவரை வரவில்லை, காத்திருக்கிறோம். அவருடைய அலுவலக மலாய் அவ்வளவு கம்பீரமானது என்று எனக்கு அன்றுதான் தெரியும். கோப்ரல், மாலையில் இப்படி ஒரு கவுண்டர் இருப்பது தனக்குத் தெரியாது என்றார். விட்டுவிடுவதாகவும் சொன்னார்.

ஜமால் பாய்க்கு மறுபடி அடித்தேன்.

"பாய், தம்பி பாலாய்ல இருக்காரு."

"ம்," என்றார். அவ்வளவுதான்.

"யூரின் டெஸ்ட் எடுத்தாங்க. சுத்தமா இருக்கு. விடப் போறாங்க."

கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் யாரையோ கூப்பிட்டது கேட்டது.

"எந்த பாலாய்?" என்றார்.

புவான் சல்மா தோளில் இருந்த பையை இறக்கி நாற்காலியில் வைத்தார்.

கிளினிக் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார் வாசலில் நின்றது. முதலில் இறங்கியவர் ஜமால் பாய். இடுப்பில் கடை ஏப்ரன், கையெல்லாம் மசாலா வாசம். கடையை யாரிடமோ விட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறார். பின்னால் காதர்.

இரண்டு சாவி, இரண்டு பூட்டு. அளந்தேன். புவான் சல்மா சரிபார்த்தார். ஜமால் பாய் கவுண்டருக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, என் கையையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். காதர் குடித்தார். தண்ணீர் குடித்தார்.

"நோன்பு தொறக்க என்ன?" என்றேன்.

"கோப்ரல் பேரீச்சம்பழம் குடுத்தாரு மிஸ்ஸி. அவரும் நோன்பு."

ஜமால் பாய் காலிக் கோப்பையைக் காட்டி, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் பாய்."

"ஊசி கீசி?"

"ஒண்ணும் இல்ல."

"நம்ம சிராப் மாதிரில்ல இருக்கு. இதுக்கா இவன் தெனமும் இந்த ஓட்டம் ஓடுறான்?"

"இனிப்பு பத்தாதுண்ணே," என்றார் காதர்.

ஜமால் பாய் முதலில் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தம்பியின் தோளில் கை வைத்து, "வா, பசியா இருப்ப," என்று கூட்டிப்போனார். கதவு திறக்கிறதா இல்லையா என்ற பேச்சே அவர் எடுக்கவில்லை.

புவான் சல்மா அலமாரியைப் பூட்டினார். கிளம்பும்போது, வேறு எந்த மாதத்திலும் இந்த நேரத்துக்கு அந்த போனை எடுக்க ஆள் இருந்திருக்காது என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "கவிதா, மாதம் முழுவதற்கும் ரோஸ்டர் போடு," என்றார்.

பிறகு

அந்த நோன்பு மாதத்தில் மாலைக்கு வந்தவர்கள் எல்லாரும் பெருநாள் வரை வந்தார்கள். பெருநாளுக்கு அப்புறம் செல்வம் அண்ணன் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பாலாயிலிருந்து அழைப்பு வரவில்லை. அதை அவர் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், பந்து விளையாட்டில் ஜெயித்த மாதிரி.

நான் கற்றுக்கொண்டது சுருக்கம். சிறை வாசலுக்கும் எங்கள் கவுண்டருக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்தச் சிகிச்சையில் ஆபத்தான இடம். அந்தத் தூரத்தை நோயாளி தனியாகக் கடக்கக்கூடாது. அவர் குடிக்க மறுத்தால், ஏன் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கோப்பையைக் கையில் வைத்திருங்கள்.

இப்போதைய நிலை இது. சிறையிலிருந்து வரும் கடிதத்தில் கடைசியாகக் குடித்த நாளோடு நேரமும் எழுதி வருகிறது. ஒருவர் விடுதலையாவதற்கு முன்பே அவர்கள் எங்களுக்குப் போன் செய்கிறார்கள். காதரின் கண்காணிப்புக் காலம் ஒரு சோதனையிலும் தவறாமல் முடிந்தது. வார இறுதிக்கு வீட்டுக்குப் போத்தல் வாங்கிப்போகிறார். அண்ணன் கடையில் மீன் தலைக் கறி அவர் பொறுப்பு. மாலைக் கவுண்டர் பெருநாளோடு மூடப்படவில்லை. பகலில் வேலைக்குப் போகிறவர்கள், எந்த மதமானாலும், அங்கே வருகிறார்கள். மாலை முறைக்கு வரும் மருந்தாளரிடம் முதல் சாவி. இரண்டாவது சாவி மாலை நேரத்தில் என்னிடம் இருக்கிறது.